வீட்டு டிபி பாக்ஸ் பழுது: உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மீட்டரைத் தாண்டி வரும் கரண்ட் மெயின் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து எம்.சி.பி.களும் (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக விழுந்து கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) அடுக்கிய டிபி பாக்ஸுக்கு, அதாவது கரண்ட்டை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டிக்கு, வருகிறது. கெட்டுப்போன எம்.சி.பி.யைக் கழற்றி வேறொன்றை மாட்டப் பத்து நிமிடம் போதும். அது ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்கத்தான் முறையாகப் படித்த, கையில் சோதிக்கும் மீட்டர் வைத்திருக்கிற ஆள் வேண்டும். காரணம் தெரியாமல் மாற்றப்பட்ட எம்.சி.பி. பல வீடுகளில் தீ விபத்தின் முதல் படியாக இருந்திருக்கிறது.

டிபி வேலையை எந்த எலக்ட்ரீஷியனும் செய்யலாமா?

கூடாது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் (முன்பு 2010, இப்போது 2023) தெளிவாகச் சொல்கின்றன: புதிதாக வயரிங் போடுவது, கூடுதல் லைன் இழுப்பது, இருப்பதை மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது எல்லாமே மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று வைத்திருப்பவரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். பல்பு, மின்விசிறி, ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றைக் கொள்ளளவும் தன்மையும் மாறாமல் அப்படியே மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. 16 ஆம்பியர் எம்.சி.பி. இருந்த இடத்தில் 32 போடுவது கொள்ளளவை மாற்றுவது. அது இந்த விலக்கில் வராது.

தமிழ்நாட்டில் உரிமம் தருவது யார்? அட்டையில் என்ன பார்க்க வேண்டும்?

சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இயங்கும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். தனிநபருக்கு மூன்று சான்றுகள் உண்டு. மின்கம்பியாள் உதவியாளருக்கு ‘எச்’, மின்கம்பியாளருக்கு ‘பி’, மேற்பார்வையாளருக்கு ‘சி’. இவை தகுதிச் சான்றுகள்தான். ஒப்பந்தமாக வேலை எடுத்துச் செய்ய ஒப்பந்ததாரர் உரிமம் தனியாக வேண்டும். அதற்கு ஈ.ஏ., ஈ.எஸ்.ஏ., ஈ.பி., ஈ.எஸ்.பி. என்று தரங்கள் இருக்கின்றன. வீட்டு டிபி வேலைக்கு இவற்றில் எதுவும் போதும். உரிமத்தில் ‘ஈ.பி.’ என்று இருப்பதைப் பார்த்து மின்வாரிய ஊழியர் என்று நினைத்துவிட வேண்டாம். அது உரிமத்தின் தரம்.

அட்டையில் நான்கைப் பாருங்கள்: பெயர், எண், தரம், செல்லுபடியாகும் கடைசித் தேதி. பலரும் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், அதனால் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வருபவர் ‘எச்’ சான்று மட்டும் வைத்திருந்தால் அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனாலும் டிபி வேலைக்குப் பொறுப்பேற்று அவரே கையெழுத்துப் போட முடியாது. அவர் எந்த ஒப்பந்ததாரரிடம் வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள்.

அப்படிப்பட்ட ஆளை எங்கே பிடிப்பது?

புதிய மின் இணைப்பு வாங்கும்போது வயரிங் முடிந்ததற்கான சோதனை அறிக்கையில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட வேண்டும். அதனால் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு வழக்கமாக வந்துபோகும் ஒப்பந்ததாரர்கள் இருப்பார்கள். அங்கே விசாரிப்பதுதான் சுருக்கமான வழி. அண்மையில் புது இணைப்பு வாங்கிய பக்கத்து வீட்டாரிடமும் அந்த அறிக்கையின் நகல் இருக்கும். அதில் பெயரும் உரிம எண்ணும் முத்திரையோடு இருக்கும்.

எலக்ட்ரிக்கல் கடைக்காரர் அனுப்பும் ஆளும் நல்லவராக இருக்கலாம், ஆனால் கடை பரிந்துரைப்பது உரிமத்துக்கு ஈடாகாது. செயலி வழியாகப் பதிவு செய்தாலும் அப்படித்தான். அவர்கள் அடையாள அட்டையைச் சரிபார்த்திருப்பார்கள், உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மின்வாரியத்தைக் கூப்பிடுவதா, தனியாரையா?

மீட்டரை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், மீட்டருக்கு முந்தைய ஃப்யூஸ், மீட்டர் ஆகியவை தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு. புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. மீட்டருக்குப் பிறகு உள்ள எல்லாம் உங்கள் பொறுப்பு.

மீட்டர் சீலை எந்தத் தனியார் எலக்ட்ரீஷியனும் உடைக்கக் கூடாது. “சும்மா ஒரு நிமிஷம் திறந்து பார்க்கிறேன்” என்றாலும் விடாதீர்கள். சீல் உடைந்திருந்தால் மின்திருட்டு விசாரணை வீட்டுக்காரர் மேல்தான் வரும்.

போனில் என்ன சொன்னால் சரியான கருவியோடு வருவார்?

“கரண்ட் போச்சு” என்றால் அவர் டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் எடுத்து வருவார். சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? விழுந்தது எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா? தூக்கியதும் விழுகிறதா, பத்து நிமிடம் கழித்தா? மழைக்குப் பிறகு வந்ததா? இன்வெர்ட்டரோ சோலாரோ இருக்கிறதா? கருகின வாடை வருகிறதா? இவற்றைச் சொல்லுங்கள். டிபியின் மூடியைத் திறக்காமல் முன்பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்பினால் எம்.சி.பி.யின் அளவும் பிராண்டும் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் அவர் வருவதற்குள் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். எல்லா எம்.சி.பி.களையும் கீழே இறக்குங்கள். ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் லீக்கேஜ் (கரண்ட் கசிவு). அந்த லைனில் உள்ள பிளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கீசரைக் கழற்றியதும் நின்றுவிட்டால், உப்புத் தண்ணீரில் அரித்துப்போன ஹீட்டிங் எலிமெண்ட் மேல்தான் முதல் சந்தேகம். தண்ணீர் மோட்டாரும் மாடி வெளிவிளக்கும் அடுத்த இடத்தில் வரும்.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லையா? ஒரு போல் எம்.சி.பி. கரண்ட் வரும் லைன் வயரை மட்டுமே துண்டிக்கும், கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயர் அப்படியே இணைந்திருக்கும். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, அல்லது ஆர்.சி.சி.பி.யே போய்விட்டது. இதை மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது, நீங்கள் முயலவும் வேண்டாம்.

16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. 32 போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா?

போடவே கூடாது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. வயரின் தடிமனைப் பார்த்துத்தான் எம்.சி.பி.யின் அளவு முடிவாகும். பொதுவாக 1.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 முதல் 25 வரை என்று வைப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். தரப்படி எம்.சி.பி. தன் அளவைப் போல 1.13 மடங்கு கரண்ட்டை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. 23.2 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழும். 32 போட்டால் அந்த எல்லை 46.4 ஆம்பியர் ஆகிவிடும். 2.5 வயரில் 40 ஆம்பியர் ஓடினாலும் உடனே விழாது, அதற்குள் குழாய்க்குள் வயரின் மேலுறை இளகிவிடும். வெளியே யாருக்கும் தெரியாது.

எம்.சி.பி. விழுவதற்குக் காரணங்கள் வேறு வேறு. தூக்கியவுடன் ‘டப்’பென்று விழுந்தால் ஷார்ட். சில நிமிடங்களோ அரை மணியோ கழித்து விழுந்தால் ஓவர்லோடு. 2000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர், 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு அதே அளவு, அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றால் 4.3. மூன்றும் ஒரே லைனில் ஓடினால் 21.7. அங்கே 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுவது சரியான செயல். தீர்வு, கீசருக்குத் தனி லைன் இழுப்பது.

லோடு குறைவாக இருந்தும் விழுகிறது என்றால் டெர்மினல் லூஸாக இருக்கலாம். லூஸ் கான்டாக்டில் பிறக்கும் சூடு எம்.சி.பி.யின் உள்ளே இருக்கும் உலோகப் பட்டையைச் சூடாக்கி, தேவையில்லாமல் விழ வைக்கும். புது எம்.சி.பி. மாற்றிய பின்பும் அதே சூடு தொடரும். தெரிந்தவர் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஏ.சி., மோட்டார் போல ஆரம்பத்தில் அதிகம் இழுக்கும் லைனில் ‘பி’ வகை எம்.சி.பி. இருந்தாலும் விழும். ‘பி’ வகை 3 முதல் 5 மடங்கில் உடனே விழும், ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கில். அங்கே ஆம்பியரை ஏற்றாமல் வகையை மாற்றினால் போதும்.

இன்வெர்ட்டர் மாட்டியதிலிருந்து ஆர்.சி.சி.பி. நிற்பதில்லை. எடுத்துவிடலாம் என்கிறாரே?

அப்படிச் சொன்னவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆர்.சி.சி.பி. லைனில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்ட்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்துவிட்டால் 0.3 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். ஒருவர் ஷாக் வாங்கும்போது உயிரைக் காப்பது அதுதான், எம்.சி.பி.க்கு அந்த வேலை தெரியாது.

நம் ஊரில் நடக்கும் தவறு பெரும்பாலும் இதுதான்: இன்வெர்ட்டருக்குப் போகும் லைனை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து எடுக்கிறார்கள். ஆனால் அந்த விளக்குகளின் நியூட்ரல் பழையபடி ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் உள்ள நியூட்ரல் லிங்க்கிலேயே (நியூட்ரல் வயர்களெல்லாம் சேரும் பித்தளைக் கட்டை) கிடக்கிறது. ஹாலில் ஒரு ஃபேன் போட்டதும், லைன் ஒரு வழியாகப் போய் நியூட்ரல் வேறு வழியாகத் திரும்புகிறது. கருவிக்கு அது லீக்கேஜ் போலவே தெரியும், விழுந்துவிடும். கருவியில் குறையில்லை.

சரிசெய்ய இரண்டு வழி. இன்வெர்ட்டருக்கான லைன், நியூட்ரல் இரண்டையும் ஆர்.சி.சி.பி.க்குப் பின்னாலிருந்தே எடுக்கலாம். இல்லையென்றால் இன்வெர்ட்டர் லைன்களுக்குத் தனி நியூட்ரல் லிங்க் வைத்து, இன்வெர்ட்டரின் அவுட்புட்டில் தனி ஆர்.சி.சி.பி. போடலாம். கரண்ட் போன நேரத்திலும் பாதுகாப்பு வேண்டுமென்றால் இரண்டாவதே மேல். வேலை அதிகம்தான்: எந்தக் கறுப்பு வயர் எந்த அறையிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிரிக்க வேண்டும். கூலி கொஞ்சம் கூடினாலும் இந்த வேலையில் பேரம் பேசாதீர்கள்.

ஓர் அறையில் பல்பு பளீரென்று எரிகிறது, இன்னோர் அறையில் மங்கல். என்ன செய்ய வேண்டும்?

உடனே மெயினை ஆஃப் செய்யுங்கள். த்ரீ ஃபேஸ் வீட்டில் இது நியூட்ரல் விட்டுப்போனதற்கான அறிகுறி. நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு ஃபேஸுக்கும் 230 வோல்ட். அது அறுந்தால் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலுள்ள 400 வோல்ட் லோடுக்கேற்பப் பிரிந்துகொள்ளும். லோடு குறைவான ஃபேஸில் 300-ஐத் தாண்டியும் ஏறும். டி.வி., ஃப்ரிட்ஜ் போர்டு, செட் டாப் பாக்ஸ் எல்லாம் வரிசையாகப் போவது அப்போதுதான்.

அக்கம்பக்கத்திலும் இதே நிலை என்றால் கோளாறு கம்பத்தில், மின்னகத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் சர்வீஸ் வயர், மெயின் சுவிட்ச், டிபியின் நியூட்ரல் லிங்க் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். லிங்க்கில் கருகிய இடத்தை நேரில் பார்த்தால் புரியும்: பித்தளைக் கட்டை தவிட்டு நிறமாகி, ஸ்க்ரூவின் பள்ளம் கறுத்து, வயரின் மேலுறை ஓர் அங்குலத்துக்குச் சுருங்கி வெறைத்துப்போய் இருக்கும். அந்த ஸ்க்ரூவை மட்டும் திரும்ப முறுக்குவது தீர்வாகாது. சூடு பட்ட செம்பு கறுத்துவிட்டது, இனி சரியாகப் பிடிக்காது. கருகிய பகுதியை வெட்டி, புதிதாகச் சீவி, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக உறை) போட்டு, லிங்க்கையும் மாற்ற வேண்டும்.

மெயினுக்கு வரும் வயர் அலுமினியமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அலுமினியமும் செம்பும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அரிக்கும், லூஸாகும். இரண்டையும் சேர்க்க பைமெட்டல் லக் இருக்கிறது. சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

வேலை நடக்கும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், எதைத் துண்டித்தார் என்று. மெயின் சுவிட்சை ஆஃப் செய்தாலும் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மெயின் சுவிட்சையே மாற்றுவதென்றால் மீட்டருக்கு முந்தைய ஃப்யூஸை மின்வாரிய ஊழியர் எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயின் ஆஃப் ஆனதும் அது தானாக ஓடத் தொடங்கி, டிபிக்குள் 230 வோல்ட் தந்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்தாரா, அதன் பிறகு மல்டிமீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ வைத்துப் பார்த்தாரா? டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி வேலை தொடங்குவது ஆபத்து.

அடுத்தது வயர் முனை. வயரின் இழைகளில் பாதியை வெட்டிவிட்டு டெர்மினலில் சொருகுவது, ஒரே துளையில் மூன்று வயரைத் திணிப்பது, மேலுறையோடு சேர்த்து முறுக்குவது மூன்றும் பிற்பாடு கருகும் இடங்கள். முனையில் ‘பின்’ வகை லக் போட்டு, கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்ய வேண்டும். ஸ்க்ரூவை முறுக்க வேண்டிய அளவு எம்.சி.பி.யின் அட்டையிலேயே இருக்கும். பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும்.

நிறம் மாறாமல் இருக்க வேண்டும்: லைனுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. பச்சை வயரில் லைன் ஓட்டுவதை ஒருபோதும் ஏற்காதீர்கள். அடுத்து வந்து திறப்பவர் அதை எர்த் என்று நம்பித் தொடுவார்.

பொருளை நாங்களே வாங்கித் தரலாமா?

தரலாம், ஆனால் பட்டியலை அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ‘32 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று’ என்றால் போதாது. ஆம்பியர், பி அல்லது சி வகை, எத்தனை போல், பிராண்ட் நான்கும் வேண்டும். ஹேவல்ஸ், லெக்ராண்ட், ஷ்னைடர் என்று ஒரே வரிசையில் கலந்து போட்டால் டெர்மினலின் உயரம் ஒத்துப்போகாமல் பஸ்பார் (எம்.சி.பி.களை இணைக்கும் உலோகப் பட்டை) ஒரு பக்கம் சரியாக உட்காராது. பெட்டியில் ஏற்கெனவே உள்ள பிராண்டையே வாங்குவது நல்லது.

எம்.சி.பி.யின் முகப்பில் C16 என்பது போன்ற குறி, சிறு கட்டத்துக்குள் 10000 என்ற எண், ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதோடு உரிம எண் இருக்கும். 10000 என்பது ஷார்ட் ஆகும்போது அது பாதுகாப்பாகத் துண்டிக்கக்கூடிய ஆம்பியர். உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டிப் பார்த்தால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

ஆர்.சி.சி.பி.க்கு ஓவர்லோடு பாதுகாப்பு கிடையாது. அதற்கு முன்னால் உள்ள எம்.சி.பி. 32 என்றால் ஆர்.சி.சி.பி. 40 ஆக இருக்கட்டும். இன்வெர்ட்டர் ஏ.சி.யும் புது வாஷிங் மெஷினும் உள்ள வீட்டுக்கு ‘ஏசி’ வகையை விட ‘ஏ’ வகை ஆர்.சி.சி.பி. பொருத்தம். மின்னணுப் பொருட்களிலிருந்து கசியும் கரண்ட்டையும் அதுதான் உணரும்.

பழைய வீடு. பீங்கான் ஃப்யூஸ்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

வயரிங் நன்றாக இருந்தால் டிபியை மட்டும் மாற்றலாம். நன்றாக இருக்கிறதா என்பதை மெகர் சொல்லும். எர்த் வயரே இழுக்காத வீடாக இருந்தால் முதலில் எர்த் குழி, பிறகு டிபி. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விநியோக விதிகள் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவில் ஆர்.சி.சி.பி. போன்ற பாதுகாப்புக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பணம் இப்போது குறைவாக இருந்தால், மற்றதைத் தள்ளிப்போட்டு ஆர்.சி.சி.பி.யை முதலில் போடுங்கள்.

வாடகை வீடு என்றால்?

வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் ஒப்புதலோடு செய்யுங்கள். கருகின வாடை வந்தால் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் அந்த லைனை ஆஃப் செய்துவிடலாம்.

வேலை சரியாக முடிந்தது என்று எப்படித் தெரியும்?

காசு கொடுப்பதற்கு முன் உங்கள் கண்முன்னே சில சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெகரில் இன்சுலேஷன் அளவு ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. அந்தச் சோதனைக்கு முன் டி.வி., எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் கழற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை கெட்டுவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் இரண்டு, மூன்றைத் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். அந்தப் பட்டனை இனி மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள், சப்ளை இருக்கும்போது மட்டுமே அது வேலை செய்யும். கீசர், ஏ.சி. எல்லாம் அரை மணி நேரம் ஓடிய பிறகு எம்.சி.பி.களின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். லேசான வெதுவெதுப்பு இயல்பு, ஒன்று மட்டும் சுட்டால் மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.

பில்லில் பொருளும் கூலியும் தனித்தனியாக, உரிம எண்ணோடு இருக்கட்டும். ஒவ்வொரு எம்.சி.பி.யின் கீழும் ‘சமையலறை’, ‘மாடி கீசர்’ என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இரவில் அவசரம் வரும்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

டிபியில் புகையோ தீயோ வந்தால்?

கை எட்டுமானால் மெயினை ஆஃப் செய்யுங்கள், எட்டாவிட்டால் வெளியேறுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் மட்டுமே. தீயணைப்புக்கு 101. யாராவது ஷாக் வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள், மெயினை முதலில் இறக்குங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள்.